கிரகணத்தில் உலக்கை நிற்குமா: வீட்டிலேயே சோதிக்கும் முறை

கிரகணம் பிடித்திருக்கும்போது மட்டும் தாம்பாளத்து நீரில் உலக்கை செங்குத்தாக நிற்கும், கிரகணம் விட்டதும் சாயும் என்பார்கள். கோவையிலும் திண்டுக்கல்லிலும் கங்கண (வளைய வடிவ) சூரிய கிரகணம் தெரிந்த 2019 டிசம்பர் 26 போன்ற நாள்களில் உலக்கை நின்றதைக் கண்டவர்களிடம் ‘நிற்காது’ என்று வாதிடுவது வீண். அது நிற்கத்தான் செய்யும். மற்ற நாள்களில் நிற்காதா என்பதே கேள்வி.

முதலில் உலக்கையின் அடிப்பூண் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். (இன்று சோதனையை விட உலக்கையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.) கிரகணம் இல்லாத ஒரு நாளில், சமமான தரையில் தாம்பாளத்தை வைத்து, நீர் ஊற்றி, உலக்கையை இரு கைகளாலும் பிடித்து, ஆட்டம் அடங்கியபின் விரல்களை ஒவ்வொன்றாக விடுங்கள், சாய்ந்தால் சற்றே திருப்பி வைத்து மீண்டும் முயலுங்கள். பத்து முறை செய்து, நின்றதையும் விழுந்ததையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விழுந்த கணக்கை நம் நினைவு வைத்துக்கொள்வதில்லை. கிரகண நாளில் அதே உலக்கை, அதே இடம், அதே பத்து முறை. கிரகணம் விட்டபின் எவரும் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள்.

சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதே காரணம் என்று ஒருவர் சொன்னால், அவை ஏறத்தாழ ஒரே திசையில் நிற்பது ஒவ்வொரு அமாவாசையிலும் நிகழ்வதையும், அவற்றின் ஓத விசை (கடலில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் இழுப்பு) புவியீர்ப்பில் கோடியில் இரண்டு பங்குகூட இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் பாட்டியிடம் இந்தக் கணக்கு எடுபடாது. உலக்கையை அவர் கையிலேயே கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள்.