கேஸ் கீசரில் வெந்நீர்ப் பதம் வைப்பது எப்படி: பெங்களூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சென்னை, மதுரைப் பக்கமிருந்து பெங்களூருக்கு வருகிறவர்களில் பலருக்கு கேஸ் கீசர் புதுப் பொருள். வாடகை வீட்டு யுட்டிலிட்டியில் (சமையலறையை ஒட்டித் துணி துவைக்க, பாத்திரம் கழுவ விட்டிருக்கும் சின்ன இடம்), வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். அடியில் இரண்டோ மூன்றோ குமிழ், முகப்பில் ஒரு எண். ஓனர் சாவியைக் கொடுக்கும்போது "குழாயைத் திறந்தா தானா எரியும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். டிசம்பர் வந்ததும் ஒருநாள் தோல் பொசுங்குகிற சூடு, மறுநாள் வெறும் பச்சைத் தண்ணீர் என்று கூத்து ஆரம்பிக்கும்.

குமிழைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். கரண்ட் கீசர் தொட்டித் தண்ணீரைக் குறிப்பிட்ட சூடுவரை காய்ச்சும், அப்புறம் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும். சாதாரண கேஸ் கீசரில் தொட்டியும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் தீ எரிகிறது, அவ்வளவுதான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக் காம்பி பாய்லரில் (வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் கேஸ் பெட்டி) 48 என்று வைத்தால், அது தீயைத் தானே கூட்டிக் குறைத்து 48-ஐ ஒட்டியே தண்ணீர் தரும். நம் பெட்டியில் அந்த வேலை நம் கையில். முகப்பில் தெரிகிற எண்ணும் நீங்கள் வைத்த சூடு அல்ல, அந்த நேரத்தில் வெளியே போகிற தண்ணீரின் சூடு.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் எல்லாம் பிடிபடும். 6 லிட்டர் கீசர் என்று விற்பது பொதுவாக நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தக்கூடியது. ஜனவரிக் காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தீயில் 45 வரும். அதே தீயில் தண்ணீரை நிமிடத்துக்கு 3 லிட்டராகக் குறைத்தால் 50 டிகிரி ஏறி 70-ஐத் தொடும். "கொதிக்குதே" என்று வெந்நீர்க் குழாயைக் குறைக்கிறவர்கள் சூட்டை இன்னும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

எந்தக் குமிழ் எதற்கு

சொட்டுப் படம் போட்டது தண்ணீருக்கு, சுடர் படம் போட்டது தீக்கு. மூன்றாவது இருந்தால் அது கோடை, குளிர்காலம் மாற்றுவது. கோடைப் பக்கம் திருப்பினால் பர்னரில் சில வரிசைகள் மட்டும் எரியும், குளிர்காலப் பக்கம் எல்லா வரிசையும் எரியும். உங்கள் பெட்டியில் இடம் மாறியிருக்கலாம், படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பதம் வைக்கலாம்

யுட்டிலிட்டி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்புங்கள். தண்ணீர்க் குமிழை முழுதாகத் திறந்து வையுங்கள். தீயைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்து, மூன்றாவது குமிழைக் கோடையில் நிறுத்துங்கள்.

குளியலறையில் வெந்நீர்க் குழாயை மட்டும் முழுதாகத் திறந்து அடியில் பக்கெட்டை வையுங்கள். பெட்டிக்குள் டிக் டிக் என்று பொறி தட்டும், 'பொப்' என்று பற்றிக்கொள்ளும். கண்ணாடித் துளை வழியாகப் பாருங்கள். தீ நீலமாக, அடங்கி எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். 18 லிட்டர் பக்கெட் 3 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர். 5 நிமிடம் ஆகிறது என்றால் உங்கள் வீட்டில் தண்ணீர் அழுத்தம் கம்மி, அதற்குத் தகுந்த மாதிரி தீயும் கம்மியாகவே போதும்.

இப்போது தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். 42 பக்கம் வந்ததும் கையை எடுத்துவிடலாம். யுட்டிலிட்டியிலிருந்து குளியலறை வரை குழாயில் வரும்போது கொஞ்சம் சூடு போய், குளிக்க 40 பக்கம் கிடைக்கும். கோடை நிலையில் முழுத் தீ வைத்தும் எட்டவில்லையா, தீயைக் குறைத்துவிட்டு மூன்றாவது குமிழைக் குளிர்காலத்துக்கு மாற்றி மறுபடியும் ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் தண்ணீர்க் குமிழைக் குறைப்பது.

விளாவாதீர்கள்

நம் வீடுகளில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவுவது வழக்கம். விறகடுப்புத் தவலைக்கு அது சரி. கேஸ் கீசரில் மிக்ஸர் குழாயைப் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினால் கீசர் வழியாகப் போகிற தண்ணீர் குறையும். தண்ணீர் அழுத்தித் தள்ளும் ரப்பர் டயஃப்ரம்தான் (மெல்லிய சவ்வு) உள்ளே தீயைப் பற்றவைக்கும் சுவிட்சைத் தட்டுகிறது. அழுத்தம் விட்டால் தீ அணைந்துவிடும். தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது தண்ணீர் சில்லென்று மாறுவது பெரும்பாலும் இதனால்தான். குளிக்கிற பதத்திலேயே பெட்டியிலிருந்து வரட்டும், விளாவவே வேண்டாம்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்வெல், டேங்கர் தண்ணீர் கடினமானது. சூடு ஏற ஏற உள்ளே தண்ணீர் ஓடும் செம்புச் சுருளில் உப்பு வேகமாகப் படியும். தீ நன்றாக எரிந்தும் தண்ணீர் சூடாகவில்லை, வரத்தும் குறைந்துவிட்டது என்றால் படிவத்தைக் கழுவ ஆள் கூப்பிட வேண்டிய நேரம். கரண்ட் கீசரை 60-ல் வைக்கச் சொல்வது தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி வளராமல் இருப்பதற்காக. இங்கே தண்ணீர் தேங்குவதே இல்லை, அந்த எண்ணை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

குழாயை மூடிவிட்டு உடனே திறந்தால் முதல் மடக்குத் தண்ணீர் எதிர்பாராத சூட்டோடு வரும். சுருளில் நின்ற தண்ணீர் மிச்சச் சூட்டில் காய்ந்திருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டும் வீடுகளில் பக்கெட்டில் பிடித்து, கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். மாடியில் சோலார் இருந்தால் அந்த வெந்நீரைக் கேஸ் கீசருக்குள் விடாதீர்கள். 45-ல் நுழைவது இன்னும் 25 ஏறி வெளியே வரும்.

பற்றாவிட்டால்

டிக் டிக் சத்தமே இல்லையென்றால் அடியில் இருக்கும் இரண்டு பெரிய செல்லையும் சேர்த்து மாற்றுங்கள். புது செல் போட்டும் சத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் தண்ணீர் அழுத்தம் போதவில்லை. தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சல்லடையில் மணல் அடைத்திருக்கலாம், பைப்பை மூடிவிட்டுக் கழற்றி அலசிப் போடுங்கள். தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற கடைசி மாடி வீடுகளில் அழுத்தமே வராது. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் (அழுத்தத்தின் அளவு) கிடைக்கும். அங்கே சின்ன பம்ப் வைக்காமல் தீராது. சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் சிலிண்டரைப் பாருங்கள். பைப் கேஸுக்கு மாறிய வீடானால் எல்பிஜி கீசரை அப்படியே இணைக்கக் கூடாது, ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் துளை) வேறு.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று

கீசர் குளியலறைக்குள் மாட்டியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். வெளியே மாற்றித் தரும்படி ஓனரிடம் கேளுங்கள். முறைப்பார், பரவாயில்லை. மூடிய அறையில் காற்று போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். எல்பிஜி கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். யுட்டிலிட்டியில் மாட்டியிருந்தாலும் புறாவுக்குப் பயந்து கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால் அதுவும் மூடிய அறைதான். வலை கட்டுங்கள், காற்று போகட்டும். வரிசையாக நாலு பேர் குளித்தால் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பல மாடல்கள் 20 நிமிடத்தில் தானே அணைவதும் இதற்காகத்தான்.

செலவு? முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் போகும். 6 நிமிடக் குளியலுக்கு 100 கிராம் என்றால், 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 140 குளியலுக்கு வரும்.

மார்ச்சில் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும், மூன்றாவது குமிழைக் கோடைக்குத் திருப்பி, தீயை மறுபடி கீழிருந்து ஏற்றிப் பாருங்கள். நீண்ட விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடி, செல்லையும் கழற்றி வைத்துவிடுங்கள். செல் ஒழுகினால் துரு ஏறி, செல் பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.