வீட்டிலேயே புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எப்படி?

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள், சுகரால் காலில் புண் வந்தவர்கள், படுத்த படுக்கையாகி முதுகில் புண் கண்டவர்கள். பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் நான் கட்டு மாற்றப் போகும் வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்று வகை நோயாளிகள்தான். நர்ஸ் வராத நாளில் கட்டு நனைந்துவிட்டாலோ கழன்றுவிட்டாலோ என்ன செய்வது? அதற்காக வீட்டில் ஒருவராவது இதைக் கற்று வைத்திருப்பது நல்லது. உங்கள் டாக்டர் வேறு முறை சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

புண்ணில் எதுவும் போடாமல் கெடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எதையாவது போட்டுக் கெடுத்தவர்கள்தான் அதிகம். மஞ்சள் தூள், காபித்தூள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் கொல்லும். பீட்டாடினைக்கூட டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரைக்கும்தான். பெராக்சைடு நுரை பொங்குவதைப் பார்த்தால் நம் மக்களுக்கு ஒரு திருப்தி. புண்ணுக்கு அதனால் லாபமில்லை.

மெடிக்கல் ஷாப்பில் வாங்க வேண்டியவை: நார்மல் சலைன் (உப்பு நீர்) 100 மி.லி. பாட்டில், ஸ்டெரைல் காஸ் (கிருமி நீக்கிய வலைத்துணி), பாராஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாதபடி பாராஃபின் தடவிய வலைத்துணி), ரோலர் பேண்டேஜ், மைக்ரோபோர் டேப் (காகிதம் போன்ற ஒட்டும் டேப்), கிளவுஸ், 20 மி.லி. சிரிஞ்ச் (ஊசி வேண்டாம்). பஞ்சு வாங்காதீர்கள், அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் வராது. சலைன் பெரிய பாட்டில் வாங்கினால் லாபம் என்று தோன்றும். ஆனால் திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும்.

கட்டு மாற்றும்போது வலிக்கும் என்றால், டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், பெருக்கித் துடைக்கிற வேலை நடந்தால் முடியட்டும். சோப்புப் போட்டுக் கையை 20 விநாடியாவது தேய்த்துக் கழுவுங்கள். மோதிரம், வளையல் கழற்றிவிட்டு.

இப்போது கிளவுஸ் போட்டு, பழைய கட்டைப் பிரியுங்கள். கடைசி அடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். அதன் மேல் சலைனை ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள், பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று பிய்த்தால் கூடவே புதுச்சதையும் வந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து வளர வேண்டும்.

கழற்றியதும் நிதானமாகப் பாருங்கள். ஈரமான சிவப்பில் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது புதுச்சதை, நல்ல அறிகுறி. மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் செத்த திசு. கறுப்பு என்றால் சதை செத்துக் காய்ந்திருக்கிறது. இது எதையும் நீங்கள் சுரண்டவோ வெட்டவோ வேண்டாம், அது டாக்டர் வேலை. சுகர்காரர் காலில் காய்ந்து கறுத்த விரலோ குதிகாலோ இருந்தால் அதை நனைக்காமல் அப்படியே காட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து மொபைலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை அதே தூரத்திலிருந்து எடுத்தால் புண் சுருங்குகிறதா என்று டாக்டருக்கு வாயால் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பழைய கிளவுஸைக் கழற்றி, கையைக் கழுவி, புதிய ஜோடி போடுங்கள். எல்லோரும் தவறவிடும் படி இதுதான். சிரிஞ்சில் சலைனை எடுத்துப் புண்ணின் மேல் பீய்ச்சுங்கள், வழிகிற நீர் தெளியும்வரை. டிசம்பர் காலையில் பெங்களூரில் சலைன் பாட்டில் சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். புண் குளிர்ந்தால் ஆறுவது தாமதமாகும், நோயாளிக்கும் தூக்கிவாரிப் போடும். துடைக்க வேண்டியிருந்தால் காஸால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. ஒரு காஸுக்கு ஒரு தடவைதான். சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள்.

புண்ணைக் காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்பார்கள். காயும், சரி; ஆறுவதில்லை. 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளிடம் சோதித்து, ஈரம் காக்கப்பட்ட காயத்தில் மேல்தோல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார். அதனால் முதலில் பாராஃபின் காஸ், அதன் மேல் உலர்ந்த காஸ். புண்ணின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓரிரு அங்குலம் மூட வேண்டும். கட்டு முழுக்க நனைந்து ஊறினால் மாற்றுங்கள். அதிக ஈரமும் சுற்றியுள்ள தோலை வெளுத்து உரிக்கும். குழிப்புண்ணில் காஸைத் திணிக்காமல் தளர்வாக நிரப்பி, ஒரு முனையை வெளியே விடுங்கள்.

காலில் பேண்டேஜ் சுற்றும்போது விரல் பக்கத்திலிருந்து மேலே போங்கள். முடித்ததும் ஒரு கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு மூன்று விநாடியில் சிவக்க வேண்டும். இல்லாவிட்டாலோ, விரல் மரத்துப்போகிறது என்றாலோ அவிழ்த்துத் தளர்த்துங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, டேப்பை உரிக்கும்போது தோலே கிழியும். அவர்களுக்கு டேப்பைத் தோலில் ஒட்டாமல் பேண்டேஜின் மேல் ஒட்டி, அதில் தேதியும் நேரமும் எழுதிவிடுங்கள்.

படுக்கைப் புண் என்றால் கட்டு பாதி வேலைகூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாமல் எவ்வளவு விலை கொடுத்து மருந்து வாங்கினாலும் ஆறாது. ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தலையணை வைப்பதும் கெடுதல். முட்டை, பருப்பு, மீன் சேருங்கள். கிட்னி பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமா? பேனாவால் எல்லைக்கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், எலும்பு தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் உடனே. கையில் காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சிவாஜிநகரில் பௌரிங், கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியா என்று அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சுகர்காரர்கள் "வலியே இல்லையே" என்று சொல்வதை நம்பாதீர்கள், நரம்பு மரத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது.

கழற்றிய கட்டையும் கிளவுஸையும் ஈரக் குப்பையிலோ உலர் குப்பையிலோ போடக் கூடாது. செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள், சானிட்டரி நாப்கினுக்குச் செய்வது போலவே. குப்பை பிரிப்பவர்கள் பல நேரம் வெறும் கையால்தான் எடுக்கிறார்கள். அப்புறம் இன்னொரு முறை கை கழுவிவிட்டு ஃபேனைப் போடலாம்.