யானை படுத்தாலும் குதிரை மட்டமா? முப்பதைத் தாண்டிய பேஸ்பால் வீரரை விலை பேசும்போது செய்யும் தவறுகள்

2011 அக்டோபர் 22. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில், அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஆல்பர்ட் பூஹோல்ஸ் அன்றிரவு மூன்று ஹோம் ரன் அடித்தார். கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி, பந்து எல்லைக்கு வெளியே போகும் அடி அது. கோப்பையும் கார்டினல்ஸுக்கே போனது. அதற்கு ஏழு வாரம்கூட ஆகவில்லை, ஏஞ்சல்ஸ் அணி அவரைப் பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் அவருக்கு 32 வயது.

ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் வீரர்களை விலை பேசும் இந்தச் சந்தையில் அணிகள் செய்யும் தவறுகளில் பாதியை இந்த ஒரே ஒப்பந்தத்தில் பார்த்துவிடலாம்.

முதல் தவறு, நடந்து முடிந்ததற்குக் கூலி கொடுப்பது. கார்டினல்ஸில் ஆடிய 11 ஆண்டுகளில் பூஹோல்ஸ் அடித்தவை 445 ஹோம் ரன்கள். பேட்டிங் சராசரி .328, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 328 ‘ஹிட்’ (பந்தை அடித்து பேஸை அடைவது). மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. எல்லாம் உண்மைதான், ஆனால் அத்தனையும் வேறோர் அணிக்காக ஆடியது. ஏஞ்சல்ஸ் வாங்கியது 32 முதல் 41 வயது வரையான பூஹோல்ஸை. அந்த மனிதரை அப்போது யாரும் பார்த்திருக்கவில்லை.

அறிகுறியே இல்லாமலும் இல்லை. 2011இல் அவர் சராசரி .299, வாழ்க்கையில் முதல்முறையாக .300க்குக் கீழே இறங்கியிருந்தார். ஒரு புள்ளிதானே என்று தோன்றும். அதைவிட அவருக்குக் கிடைத்த ‘வாக்’ எண்ணிக்கையைப் பார்த்திருக்க வேண்டும். பேட்டர் அடிக்காமல் விடும் நான்கு மோசமான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச பேஸ் அது. 2010இல் 103 ஆக இருந்தது, 2011இல் 61. எதிரணிகள் வேண்டுமென்றே கொடுத்த வாக் குறைந்ததும் இதில் ஒரு பங்கு. அதைக் கழித்தாலும் சரிவு சரிவுதான். இவை எவருக்கும் ஒளித்துவைத்த எண்கள் அல்ல. ஆனால் ஹோம் ரன் 37 என்ற வெளிச்சத்தில் மற்றவை கண்ணில் படவில்லை. இறங்கினாலும் எவ்வளவுதான் இறங்கிவிடுவார் என்ற நினைப்பு. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்போமே, அந்தக் கணக்கு. 2013இல் பாதத்தில் ஏற்பட்ட காயம் அந்த சீசனையே பாதியில் நிறுத்தியது. ஏஞ்சல்ஸில் அவர் சராசரி கடைசியில் .256 என்று நின்றது. ஒப்பந்தத்தின் பத்தாவது ஆண்டான 2021இல், மே மாதத்தில், அணி அவரை விடுவித்தது. அவர் இருந்த காலத்தில் அணி பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்றுக்கு, போனது ஒரே ஒரு முறை. அதிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை.

சம்பளம் மட்டுமே விலை என்று நினைப்பது இன்னொரு தவறு. அன்றைய விதிப்படி பூஹோல்ஸை எடுத்ததற்காக ஏஞ்சல்ஸ் தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைக் கார்டினல்ஸிடம் இழந்தது. அணிகள் முறை வைத்துப் புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2012இல் அந்த 19ஆவது இடத்தில் கார்டினல்ஸ் எடுத்தது மைக்கேல் வாக்கா என்ற இளம் பிட்சரை (பந்து வீசுபவரை). மறு ஆண்டே, உலகத் தொடருக்கு முந்தைய படியான நேஷனல் லீக் இறுதித் தொடரில், டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களை முதல் பிட்சராகத் தொடங்கி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல், தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கினார் வாக்கா. பூஹோல்ஸை இழந்த கார்டினல்ஸ் உலகத் தொடருக்குப் போனது. விதிகள் பிறகு மாறிவிட்டன. ஆனாலும் பழைய அணி ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ (நிர்ணயித்த சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தம்) கொடுத்து, அதை மறுத்துவிட்டு வரும் வீரரை எடுத்தால் இன்றும் டிராஃப்டில் இழப்பு உண்டு.

கடைசி சீசனை மட்டும் நம்புவதும் கூடாது. பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2015இல் 47 ஹோம் ரன் அடித்தார். ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் கிடைத்தது. அதற்கு முந்தைய 2014இல் அவர் சராசரி .196 என்பதையும், அந்த 47 ஹோம் ரன் ஆண்டிலேயே 208 முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது) ஆனார் என்பதையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். பந்தைத் தொடுவதே அரிதான ஒருவருக்குக் கை வேகம் கொஞ்சம் தளர்ந்தாலும் மிச்சம் எதுவும் இருக்காது. 2018இல் சராசரி .168. அதன் தொடர்ச்சியாக மறு ஆண்டு வரை தொடர்ந்து 54 முறை ஒரு ஹிட்கூட இல்லாமல் திரும்பினார். 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார். தள்ளிவைத்த சம்பளம் 2037 வரை போகிறது.

வெளியிலிருந்து பார்க்கும் ரசிகர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். 2022 டிசம்பரில் சான் டியேகோ பாட்ரெஸ் 30 வயது சாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டுகள், 28 கோடி டாலர் கொடுத்தபோது ‘நாற்பது வயது வரை இவர் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பாரா?’ என்று சிரித்தவர்கள் பலர். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே, வேகம் அதிகம் தேவைப்படும் ஃபீல்டிங் இடம் அது. அணியும் அப்படி நம்பியிருக்க வேண்டியதில்லை. அணிகளின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் அபராத வரி உண்டு. 2025இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். அந்தக் கணக்கில் பார்ப்பது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. ஆண்டுகளை நீட்டினால் சராசரி சுருங்குகிறது. கடைசி ஆண்டுகள் ஏறக்குறைய தவணை மாதிரி. நல்ல உத்தியா என்பது வேறு விஷயம். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, முப்பதைத் தாண்டியவரை எடுக்கவே கூடாது என்று முடிவுகட்டுவதும் தவறுதான். 2014 டிசம்பரில் நெல்சன் க்ரூஸுக்கு 34 வயது. சியாட்டில் மரினர்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 5.7 கோடி டாலர் கொடுத்தது. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 44, 43, 39, 37. பெரும்பாலும் பேட்டிங் மட்டும் செய்யும் இடத்தில் அவரை வைத்திருந்ததால், காலில் போன வேகம் யாருக்கும் நஷ்டமாகவில்லை. எந்தத் திறமை முதலில் போகும், அது போனால் அந்த வீரரிடம் என்ன மிஞ்சும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பிட்சர்களுக்கு இந்தக் கணக்கும் உதவாது. அவர்கள் படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு நாள் முழங்கை போய்விடும். ஐந்து ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலர் வாங்கிய ஜேக்கப் டிக்ராம் 2023இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு ஆறே ஆட்டங்கள் தொடங்கிவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். 2025இல் மீண்டும் முழு சீசன் வீசினார்.

பூஹோல்ஸ் 2022இல் செயின்ட் லூயிஸுக்கே திரும்பினார். வயது 42, சம்பளம் 25 லட்சம் டாலர். பெரும்பாலும் இடதுகைப் பிட்சர்கள் வரும் நாட்களில் இறக்கினார்கள். அந்த ஆண்டில் 24 ஹோம் ரன் அடித்தார், மொத்தக் கணக்கு 703இல் முடிந்தது.