இஞ்சி டீயில் பால் திரியாமல் இருக்க

பினாங்கில் பனிக்காலம் ஏது? ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் சூடாக ஏதாவது தொண்டையில் இறங்கியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது இஞ்சி டீ. தொல்லை என்னவென்றால், சில நாள் பால் திரிந்துவிடும். பால் புதிது, பாத்திரமும் சுத்தம்; வேலையைக் காட்டியது இஞ்சிதான்.

பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. 60, 70 டிகிரிச் சூட்டில் அது பாலை உறைய வைத்துவிடும். சீனர்களின் இஞ்சிப் பால் இனிப்பு உறைவதே இதனால்தான். நன்றாகக் கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

அதனால் தட்டிய இஞ்சி, ஏலக்காய், அடித்தண்டை நசுக்கிய செரை (எலுமிச்சைப் புல்) எல்லாவற்றையும் முதலில் வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுகிறேன். அப்புறம் தேயிலை, கடைசியில்தான் பால். இப்போது திரிவதே இல்லை.

அம்மாவுக்குப் பால் ஆகாது, சுக்குமல்லிதான். லிட்டில் இந்தியாவில் சுக்கு வாங்கி, மல்லி விதையோடு இடித்து வைப்பேன். இஞ்சி காயக் காயக் காரம் ஏறும், அரைக் கரண்டி போதும். கருப்பட்டி கிடைக்காத நாளில் குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரை போடுவேன். எனக்கு அந்தத் தென்னை வாசம் பிடிக்கும். அம்மா முகத்தைச் சுளிப்பார்.