வால்வ் ஆம்பில் கரகரப்பு வேண்டுமா? கெயினை ஏற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கிட்டார் சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கடி வேண்டும் என்று வால்வ் ஆம்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) திறப்பவர்கள் பெரும்பாலும் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றத்தான் பார்க்கிறார்கள். அதுதான் பெரிய தவறு. போதுமான கெயின் உள்ள ஆம்பில் இன்னும் ஏற்றினால் கரகரப்பு வராது, கொழகொழவென்ற சத்தம்தான் வரும்.

காரணம் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. தடித்த கம்பிகளின் சிக்னல் வலுவானது. வால்வ் முதலில் அதில்தான் முட்டித் திணறும். அப்போது மிட் (நடு) ஒலியும் சேர்ந்து நசுங்கிவிடுகிறது. அதனால் சத்தம் உடைந்து கரகரப்பாவதற்கு முன்பே பேஸைக் குறைக்க வேண்டும். உடைந்த பிறகு டோன் குமிழைத் திருகுவதால் பெரிய பயன் இல்லை.

மார்ஷல் நிறுவனத்தின் முதல் ஆம்பான ஜேடிஎம்45, ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தது. பிறகு வந்த மார்ஷல்களில் பிரைட் சேனலின் முதல் வால்வில், கேதோடில் (வால்வின் ஒரு முனை) 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.68 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டார்கள். பல ஃபெண்டர்களில் அதே இடத்தில் 1.5 கிலோ ஓமும் 25 மைக்ரோஃபாரடும் இருக்கும். 25 போட்டால் பேஸ் முழுவதும் ஏறி வரும். 0.68 போட்டால் மிட்டும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலி) மட்டும் தூக்கலாக வரும். கிட்டாரின் தடித்த அடிக் கம்பியின் தாழ்ந்த சுரம் 82 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால் இந்த ஒரு சின்ன மாற்றம் எவ்வளவு செய்யும் என்று புரியும். சாலிடர் அயர்னைத் தொடாமலும் ஒரு வழி உண்டு: முதல் 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டு 5751 போட்டுப் பாருங்கள். கெயின் காரணி 100-லிருந்து 70-க்கு இறங்கும். சில ஆம்பில் அதுவே தெளிவான கரகரப்பைத் தந்துவிடும்.

ஒரே இரவில் ஐந்து பாகங்களை மாற்றுவது அடுத்த தவறு. எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றை மாற்றுங்கள், வாசித்துப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. கழற்றிய பாகங்களையும் பத்திரமாக வையுங்கள்.

பாகம் வாங்க கோலாலம்பூரில் பலரும் போவது ஜாலான் பாசார். அங்கே எடுத்தவுடன் கிடைப்பது 50, 63 வோல்ட் கெப்பாசிட்டர்கள். கேதோடுக்கு அது தாராளம். ஆனால் இரண்டு வால்வுக்கு நடுவே வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தாங்க வேண்டும். 400-க்குக் கீழே வாங்காதீர்கள், 630 இருந்தால் நிம்மதி.

சரி, உயிர் விஷயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும், மின் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் தேங்கி நிற்கலாம். சில ஆம்பில் அது தானாக வடியும், ஆனால் அதை நம்பிக் கை வைக்காதீர்கள். பிடி நன்றாக உறையிட்ட கிளிப்பில் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மாட்டி, ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) வடியவிடுங்கள். மல்டிமீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்த பிறகே உள்ளே தொடலாம். இதில் சிறு தயக்கம் இருந்தாலும் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் 120 வோல்ட், ஜப்பானின் 100 வோல்ட் ஆம்புகளை நம் மலேசியாவின் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகக் கொடுக்கும்போதும் எர்த் விட்டுப்போகாமல் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓடவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடலாம்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வான 6எல்6-ஐ எடுத்துவிட்டு இஎல்34 செருகினால் மார்ஷல் சத்தம் வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. 6எல்6-இன் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) 0.9 ஆம்பியர் போதும், இஎல்34-க்கு 1.5 வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்காமல் போகலாம். வால்வ் சாக்கெட்டின் 1-ஆம், 8-ஆம் பின்களின் வயரிங்கையும் பார்க்க வேண்டும், பயாஸையும் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் கரண்ட்டின் அளவு) மறுபடி செட் செய்ய வேண்டும். அந்தக் கரண்ட்டை மிகவும் குறைத்து வைத்தால் மெல்ல வாசிக்கும்போது வறட்சியான, எரிச்சலான சத்தம் வரும். அது நாம் தேடும் கரகரப்பு அல்ல.

கடைசியாக, எங்கே கேட்டுப் பார்க்கிறீர்கள்? செந்தூலில் ஒரு அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டாருக்குப் பயந்து மெல்ல வாசித்து டோனை முடிவு செய்துவிடுகிறோம். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகவே கேட்கும், அதனால் அதைக் கூட்டி வைப்போம். அதே ஆம்பைக் கல்யாண விருந்து மண்டபத்தில் ஏற்றி வாசித்தால் எல்லாம் குழம்பிவிடும். அங்கே பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கீழ்ப்பகுதியை ஏற்கெனவே நிரப்பியிருக்கும். வீட்டில் தனியாகக் கேட்கும்போது சற்று மெலிந்து தெரியும் டோன்தான் மேடையில் வெட்டிக்கொண்டு வெளியே வரும். ஆகவே அடுத்த பாகத்தை மாற்றுவதற்கு முன், ஒத்திகை ஸ்டுடியோவில் முழு பேண்டோடு ஒருமுறை ஏற்றி வாசித்துப் பாருங்கள்.