பெரிய டயர் போட்ட பிக்கப்புக்கு ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது எப்படி

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். ஊர் கீழக்கரைப் பக்கம். வெயில் தணிந்து பாலைவனம் ஓட்டுகிற சீசன் வந்துவிட்டால் எங்கள் கராஜ் வாசலில் லேண்ட்குரூஸர் 79 பிக்கப்புகள் வரிசை கட்டும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், புது ரிம் எல்லாம் மாட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். கொஞ்ச நாளில் போன் வரும். "மீட்டர்ல 120தான் காட்டுச்சு, ரேடார் அடிச்சிடுச்சு." டயரை மாற்றச் சொன்னவர் மீட்டரைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார், டயர்க் கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

கணக்கு சின்னதுதான். மீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும் எண்ணுகிறது. 265/70ஆர்16 டயரின் உயரம் சுமார் 777 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 285/75ஆர்16 போட்டால் 834 மி.மீ. ஒரே சுற்றில் வண்டி 7 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். மீட்டருக்கு அது தெரியாது. 35 இஞ்சு என்று சொல்லும் 315/75ஆர்16 போட்டால் வித்தியாசம் 13 சதவீதம்.

அபுதாபி பக்கம் போகிறவர்களுக்கு இது நேராகக் காசு. துபாயில் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை ரேடார் விட்டுவிடும். அபுதாபியில் 2018 ஆகஸ்ட்டிலேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். போர்டில் 120 என்றால் 120தான். 20 கிலோமீட்டர் வரை கூடினால் 300 திர்ஹம், அதற்கு மேல் 30 வரை 600.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் தப்பாகச் செய்வது இங்கேதான். கம்பெனியிலிருந்து வரும் வண்டியின் முள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஐ.நா.வின் 39ஆம் எண் ஒழுங்குவிதி அப்படி: முள் உண்மையான வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் தாண்டக் கூடாது. அதாவது நிஜமாக 100ல் போகும்போது 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். என் கைக்கு வந்த டொயோட்டாக்கள் பெரும்பாலும் 100க்கு 104, 105 காட்டும்.

ஓடோமீட்டர், அதாவது ஓடிய மொத்தக் கிலோமீட்டரைக் காட்டும் எண், அப்படியில்லை. அதே சிக்னலில்தான் ஓடுகிறது, ஆனால் அதில் இந்தக் கூட்டல் கிடையாது. கிலோமீட்டரை ஏறக்குறைய சரியாகவே எண்ணும். இப்போது நீங்கள் போனில் ஜி.பி.எஸ்ஸை வைத்துக்கொண்டு முள்ளை அதோடு மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருத்தினால் என்ன ஆகும்? முள் சரியாகிவிடும், ஓடோமீட்டர் 5 சதவீதம் குறைவாக எண்ணத் தொடங்கிவிடும். 10,000 என்று பார்த்து ஆயில் மாற்றும்போது வண்டி 10,500 ஓடியிருக்கும். அதனால் நான் எப்போதும் ஓடோமீட்டரைத்தான் சரிக்கட்டுவேன். முள் பழையபடி நாலைந்து கிலோமீட்டர் கூட்டிக் காட்டட்டும், அது கம்பெனி வைத்த பாதுகாப்பு. "போன்ல 100, மீட்டர்ல 104, நீ சரியாப் பண்ணலையே" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் ட்ரிப் மீட்டரைக் காட்டிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து அளவெடுப்பது. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம், கிட்டத்தட்ட வரும். ஆனால் ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்கள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. உருட்டிப் பார்ப்பதுதான் சரி. சாலையில் ஓட்டும் காற்றழுத்தத்தை முதலில் வையுங்கள். பாலைவனத்திலிருந்து 15 பி.எஸ்.ஐயோடு நேராக வந்த வண்டியை அளக்காதீர்கள். எப்போதும் ஏற்றும் சாமான் எதுவோ அது வண்டியிலேயே இருக்கட்டும். பின் டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஒருவர் தள்ள அல்லது மெதுவாக நகர்த்த, டயர்க் கோடு ஐந்து முறை கீழே வரும்வரை விடுங்கள். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே டேப் பிடியுங்கள்.

பழைய டயரில் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் (ஸ்டெப்னி பெரும்பாலும் பழைய அளவுதான்) அதையும் அதே இடத்தில் மாட்டி உருட்டுங்கள். எடுத்துக்காட்டாக, பழையது ஐந்து சுற்றுக்கு 11.85 மீட்டர், புதியது 12.72 மீட்டர். 12.72ஐ 11.85ஆல் வகுத்தால் 1.073. இந்த எண்ணைத்தான் இனி எல்லா இடத்திலும் பயன்படுத்தப் போகிறோம்.

சிலர் அச்சின் நடுவிலிருந்து தரை வரை ஸ்கேல் வைத்து அளந்து, அதை வட்டமாக்கிக் கணக்குப் போடுவார்கள். ரேடியல் டயரில் அது தப்பாக வரும். காற்று குறையும்போது பக்கச்சுவர் அமுங்கி வண்டி இறங்கும், ஆனால் டயருக்குள் இருக்கும் ஸ்டீல் பெல்ட்டின் நீளம் அப்படியேதான் இருக்கும். அதனால் ஒரு சுற்றில் ஓடும் தூரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

கியரும் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 35 இஞ்சு போட்டவர்கள் வண்டி இழுக்கவில்லை என்று டிஃபரன்ஷியலில் 4.1ஐ எடுத்துவிட்டு 4.88 போடுவதுண்டு. சுற்றை எண்ணும் சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துவிடும் பெட்டி) இருக்கும் வண்டியில் இது மீட்டரை எதிர்ப்பக்கம் இழுக்கும். 4.88ஐ 4.1ஆல் வகுத்தால் 1.19. 35 இஞ்சு டயரின் 1.131ஐ இதனால் வகுத்தால் 0.95. அதாவது இந்த வண்டியின் சிக்னலைக் கூட்டக் கூடாது, 5 சதவீதம் குறைக்க வேண்டும். சென்சார் சக்கரத்திலேயே இருக்கும் ஏ.பி.எஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வகை வண்டி என்றால் கியர்க் கணக்கே வேண்டாம், டயர் மட்டும் போதும். லோ கியரைப் பற்றியும் கவலை வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியே வரும் பக்கத்தில் சென்சார் இருப்பதால் 4எல் என்ற அந்த லோ கியரிலும் அதே கணக்குதான்.

இனி வண்டி எந்த வகை என்று பாருங்கள்.

பழைய கேபிள் வகை என்றால் எலக்ட்ரீசியனே தேவையில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் கையோடு வரும். பற்களை எண்ணுங்கள். டயர் பெரிதானால் பல் குறைய வேண்டும். 33 பல் இருந்தால் அதை 1.073ஆல் வகுக்க, 30.75. 31 பல் உள்ளதைத் தேடி வாங்கிப் போடுங்கள். கியர் மாற்றிய வண்டியானால் 1.073க்குப் பதிலாக மேலே சொன்ன மாதிரி வந்த எண்ணால் வகுக்கவும். மாட்டும்போது ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் ஆயில் கசிந்து கேபிள் வழியாக மீட்டர் வரை ஏறும்.

சென்சார் வகைதான் எனக்கு அதிகம் வருவது. டிரான்ஸ்ஃபர் கேஸில் கேபிளுக்குப் பதில் மூன்று ஒயர் போகும் சென்சார் இருக்கும்: ஒன்று கரண்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். ஜப்பான் வண்டிகளின் பழைய கணக்குப்படி மீட்டர் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் 60 கிலோமீட்டர் வேகம். சென்சார் வந்த பிறகும் பல வண்டிகளில் அதே கணக்குத்தான், ஒரு சுற்றுக்கு 4 பல்ஸ் (மின் துடிப்பு). அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 2,548 பல்ஸ். நாம் செய்ய வேண்டியது நடுவில் ஒரு பெட்டியை வைத்து அந்த எண்ணிக்கையை 1.073ஆல் பெருக்கி மீட்டருக்கு அனுப்புவது. டொயோட்டாக்காரர்கள் 'யெல்லோ பாக்ஸ்' என்று கேட்பதும், டக்கோட்டா டிஜிட்டல் கம்பெனி விற்பதும் இதைத்தான்.

சிக்னல் ஒயரை நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாவியைப் போட்டு, மல்டிமீட்டரை அந்த ஒயரில் வைத்து, ஒருவரை வண்டியை மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தால் அதுதான். மீட்டருக்குப் பின்னால், கேபினுக்குள் அதை வெட்டுங்கள். சென்சார் பக்கத்து முனை பெட்டியின் உள்ளே போகும் ஒயருக்கு, மீட்டர் பக்கத்து முனை வெளியே வரும் ஒயருக்கு. கரண்டைச் சாவி போட்டால் வரும் லைனில் எடுங்கள், எர்த்தைப் பாடியில் சுரண்டிய இடத்தில் கொடுங்கள். பெட்டியைச் சேஸியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்து வருகிறார்கள். லஹ்பாப் பாலைவனத்துச் சிவப்பு மண் எந்த இடுக்கிலும் புகுந்துவிடும், அதற்கு மேல் தண்ணீர் பிரஷரில் அடித்துக் கழுவுகிறார்கள். கேபினுக்குள் வைப்பதே நல்லது. இணைப்புகளை ஈயம் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். கடித்துப் பிடிக்கும் கிளிப் இணைப்பு இந்த ஊர் வெயிலுக்கும் மணல்மேட்டுக் குலுக்கலுக்கும் நிற்காது.

பெட்டியை வைத்ததும் முள் செத்துப்போய்ப் பூஜ்ஜியத்தில் கிடந்தால் உடனே பெட்டி கெட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். சில சென்சார்கள் தானாக வோல்டேஜ் தருவதில்லை. மீட்டர் கொடுக்கும் வோல்டேஜை எர்த்துக்கு இழுத்து விடுவது மட்டும்தான் அவற்றின் வேலை. ஒயரை வெட்டியதும் மீட்டரிலிருந்து வந்த அந்த வோல்டேஜ் சென்சார் பக்கம் போகாது. பெட்டியிலேயே அதற்கான வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சென்சாரின் கரண்ட் ஒயருக்கும் சிக்னல் ஒயருக்கும் இடையில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். சில்லறைக் காசுச் சாமான், முள் உயிர்பெற்றுவிடும்.

ஏ.பி.எஸ் வண்டியில் சக்கரத்திலிருந்து வரும் ஒயர்களைத் தொடவே தொடாதீர்கள். நாலு சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பிரேக் வேலை செய்கிறது. அங்கே ஏ.பி.எஸ் பெட்டியிலிருந்து மீட்டருக்குத் தனி பல்ஸ் லைன் போனால், அந்த லைனில் மட்டும் நம் பெட்டியை வைக்கலாம்.

மூன்றாவது வகை ஜீப் ராங்ளர் மாதிரி எல்லாம் கம்ப்யூட்டராகிவிட்ட வண்டி. இதில் ஒயர் வெட்டும் வேலை இல்லை. பழைய ஜே.கே மாடலுக்கு ஏ.இ.வி ப்ரோகால், சூப்பர்சிப்ஸ் ஃப்ளாஷ்கால், அதற்கடுத்து வந்த ஜே.எல்லுக்கு டேஸர் என்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி (வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசும்) சாக்கெட்டில் குத்தும் கருவிகள் இருக்கின்றன. 2018 முதல் வரும் ஜே.எல்லில் பாதுகாப்புத் தடுப்பு இருப்பதால் அதைத் தாண்ட ஒரு கூடுதல் கேபிளும் வேண்டும். டயர் உயரம் கேட்கும்போது டயரில் எழுதியிருப்பதைக் கொடுக்காதீர்கள். உருட்டி அளந்த ஒரு சுற்றுத் தூரத்தை 3.1416ஆல் வகுத்து, இஞ்சாக மாற்றிக் கொடுங்கள். மேலே சொன்ன 12.72 மீட்டர் டயருக்கு 31.9 இஞ்சு வரும், எழுதியிருப்பதோ ஏறக்குறைய 33. வேலை முடியும்வரை பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு வையுங்கள், பாதியில் கரண்ட் விழுந்தால் தலைவலி.

எந்த வகையானாலும் கடைசியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஈ611 நெடுஞ்சாலை காலியாக இருக்கும், நான் அங்கேதான் போவேன். போனில் தூரம் பதிவு செய்யும் ஏதாவது ஒரு ஜி.பி.எஸ் ஆப்பைத் திறந்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். 20 கிலோமீட்டர் தூரத்துக்குக் குறைவாக ஓட்டிப் பிரயோஜனமில்லை, ட்ரிப் மீட்டரில் 0.1 கிலோமீட்டர்தான் கடைசிப் புள்ளி. போன் 50.0, ட்ரிப் 49.6 என்றால் பெட்டியில் இன்னும் 0.8 சதவீதம் கூட்டுங்கள். பிழை குறைவதற்குப் பதில் இரண்டு மடங்காகிவிட்டால் கூட்ட வேண்டியதைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். அப்புறம் 60, 80, 100 என்று நிலையான வேகத்தில் முள்ளையும் ஒரு முறை பாருங்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து. எல்லா வேகத்திலும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் சரி. எங்காவது ஜி.பி.எஸ்ஸுக்குக் கீழே இறங்கினால் விடாதீர்கள்.

மணலில் பார்க்கும் வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், முள் 60 காட்டும், வண்டி மேட்டில் 20ல் ஏறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. இந்த வேலையைப் பார்த்துவிட்டு, "அப்படியே ஓடின கிலோமீட்டரையும் கொஞ்சம் குறைச்சிடு" என்று கேட்பவர்கள் வருவார்கள். அது அடுத்து வாங்குபவனை ஏமாற்றும் வேலை, நான் தொடமாட்டேன். நான் செய்வது அதற்கு நேரெதிர்: பெரிய டயரில் சரிசெய்யாமல் எவ்வளவு ஓடியது என்று கேட்டு, சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பேன். 285 டயரில் மீட்டர் 20,000 கூடியிருந்தால் உண்மையில் 21,460 ஓடியிருக்கிறது. ஆயிலும் டைமிங் பெல்ட்டும் அந்தக் கணக்கில்தான் மாற்ற வேண்டும். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கப் பாசிங், அதாவது வண்டிச் சோதனைக்குப் போகும்போது டயர் அளவைப் பற்றிக் கேள்வி வரும். லிஃப்ட்டும் பெரிய டயரும் போடுவதற்கு முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள், மீட்டர் சரியாக இருப்பது அதற்குப் பதிலாகாது.

டயர் தேயத் தேய மறுபடி செட் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். புது மட் டயரின் பட்டை ஒரு சென்டிமீட்டர் தேய்ந்தால் விட்டம் இரண்டு சென்டிமீட்டர் குறையும், 834ல் அது 2.4 சதவீதம். முள் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். அதை விட்டுவிடலாம். வேறு கம்பெனி டயர் போட்டால் மட்டும் சாக்பீஸை எடுங்கள்.