சுங்கத் தலைப்பில் கொழுப்பு வழுக்கும் இடங்கள்

பல வருடங்களுக்கு முன் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றுக்காகப் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம், எழுதினேன். இன்வாய்ஸில் ‘தோலுக்கான மீன் எண்ணெய்’ என்று இருந்தது. சுங்க வரிப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘தலைப்பு’ என்று நான்கு இலக்க எண் உண்டு; முதல் இரண்டு இலக்கம் அத்தியாயத்தைக் காட்டும். மீன் எண்ணெய் என்றால் 1504. கை தானாக எழுதிவிட்டது. சரக்கைப் பார்க்க வந்த அதிகாரி ஒரு பீப்பாயைத் திறக்கச் சொன்னார். குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நான்கு சொட்டு விட்டு, ஒரு கலக்குக் கலக்கினார். வளையம் வளையமாக மேலே மிதக்க வேண்டிய எண்ணெய், தண்ணீரோடு சேர்ந்து பால் போல் வெளுத்துவிட்டது. “மீனிலிருந்து வந்தது உண்மைதான். இப்போதும் எண்ணெயாக இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

அது கந்தகச் சேர்மத்தால் மாற்றிய எண்ணெய். தோலுக்குள் ஊறிப் பரவ வேண்டும் என்பதற்காகவே தண்ணீரில் கலக்கும்படி செய்தது. கொழுப்புக்கும் எண்ணெய்க்குமான 15ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே சல்போனேட் செய்த எண்ணெயை வெளியேற்றி, வேதிப்பொருள்களுக்கான 6ஆம் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கும் இரண்டு வாசல். சர்பேக்டன்ட் (எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள்) என்ற அளவில் நின்றால் 3402; தோலுக்கு எண்ணெய் ஏற்றும் தயாரிப்பாக, வேறு பொருள்களும் சேர்ந்து வந்தால் 3403. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பைப் பார்க்காதது என் தவறு. கொழுப்பு வகைகளில் நான் பார்த்த மற்ற தவறுகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான்: பொருளின் பெயரைக் கேட்பார்கள், அதற்கு என்ன செய்தார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

முதல் வழுக்கல், உருக்கியதா உருக்காததா என்பதில். வெட்டிய பன்றியிலிருந்து எடுத்து, உருக்காமல் குளிரூட்டியோ உப்பிட்டோ அனுப்பும் கொழுப்பு 0209இல், இறைச்சியோடு சேர்ந்து நிற்கிறது. கோழி, வாத்துக் கொழுப்பும் அப்படியே. உருக்கிய பிறகுதான் அவை 1501க்கு வரும். இதைப் படித்துவிட்டு ‘உருக்காதது 2ஆம் அத்தியாயம், உருக்கியது 15’ என்று மனப்பாடம் செய்துகொள்பவர் ஆட்டுக் கொழுப்பில் விழுவார். மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் கொழுப்பு பச்சையாக வந்தாலும், உறைந்து வந்தாலும், உருகி வந்தாலும் 1502தான். 0209இன் வாசகத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. சரி, மாடு என்றால் 1502 என்று முடிவு கட்டினால் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. மாட்டுக் கால்களிலிருந்து எடுத்துத் தோலுக்குப் பயன்படுத்தும் எண்ணெய் 1506க்குப் போகிறது. பட்டுப்புழுக் கூட்டுப்புழுவின் எண்ணெயும் அதே 1506இல்தான். நெய்யும் விலங்குக் கொழுப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. பால் கொழுப்பு இந்த அத்தியாயத்துக்குள் வருவதே இல்லை. அதன் வீடு 0405.

என்னைக் கேட்டால், இந்த அத்தியாயத்திலேயே அதிகம் ஏமாற்றும் சொல் ‘ஸ்டியரின்’. பன்றிக் கொழுப்பையோ மாட்டுக் கொழுப்பையோ பிழிந்து, திரவப் பகுதியைப் பிரித்தபின் மிஞ்சும் கெட்டிப் பகுதி 1503. பாமாயிலில் அதே வேலையைச் செய்து கிடைக்கும் கெட்டிப் பகுதியையும் சந்தையில் ஸ்டியரின் என்றுதான் சொல்கிறார்கள். அது பாமாயிலோடு 1511இல் இருக்கிறது. மெழுகுவர்த்திக்காரர் கேட்கும் ஸ்டியரின் இவை இரண்டும் அல்ல. அது கொழுப்பைப் பிளந்து எடுத்த ஸ்டியரிக் அமிலம். தொழில்துறைத் தரம் என்றால் 3823, 90 சதவீதத் தூய்மையைத் தொட்டுவிட்டால் 2915. ஸ்டியரின் பிட்ச் என்று ஒரு கறுத்த கசடு வரும், அது 1522. ஒரே சொல்லுக்கு ஐந்து தலைப்புகள். விற்பவரின் இன்வாய்ஸில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, அமில எண், அதாவது கொழுப்பில் கட்டுப்படாமல் தனித்து நிற்கும் அமிலத்தின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். பிழிந்தெடுத்த நல்ல கொழுப்பில் அது ஒற்றை இலக்கத்தில் நிற்கும். ஸ்டியரிக் அமிலத்தில் 200 சுமாருக்கு ஏறிவிடும். ஐந்து நிமிடத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘சாப்பிட முடியாதது, ஆகவே 1518’ என்பது இன்னொரு பழக்கம். 1502க்கு உண்ணத் தக்கதா என்ற கேள்வியே கிடையாது. சோப்புக்குப் போகும் கொழுப்பும் அங்கேதான். யாரும் சமையலுக்குத் திருப்பிவிடக் கூடாது என்று சாயமோ வாசனைப் பொருளோ கலந்து கெடுத்திருந்தாலும் தலைப்பு மாறாது. கெடுக்காத கொழுப்பு எங்கே போகுமோ, கெடுத்ததும் அங்கேயே போக வேண்டும் என்று அத்தியாயத்தின் 3ஆம் குறிப்பு நேராகவே சொல்கிறது. உண்ணத் தக்கதா என்ற கேள்வி எழுவது கலவைகளில். இரண்டு வகைக் கொழுப்பைக் கலந்த உண்ணத் தக்க தயாரிப்பு 1517, உண்ணத் தகாதது 1518. பொரித்து முடித்த எண்ணெயும் இந்த 1518இல்தான் வந்து சேர்கிறது.

ஹைட்ரஜன் ஏற்றினால் 1516. மீன் எண்ணெய் கெட்டியாகி வந்தால் 1504ஐ மறந்துவிடலாம். அந்தத் தலைப்பு சுத்திகரிப்பைப் பொறுத்துக்கொள்ளும், வேதி மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளாது.

ஒமேகா-3 சரக்குக்கு வருவோம், ஏனென்றால் இப்போது பலர் இடறுவது இங்கேதான். பீப்பாயின் மேல் ‘18/12’ என்று இருந்தால் பெரும்பாலும் அது இயற்கையான மீன் எண்ணெய். இரண்டு கொழுப்பு அமிலங்களின் சதவீதக் கணக்குதான் அந்த எண்கள். ‘33/22’ என்று இருந்தால் உடனே ஆய்வுச் சான்றிதழைத் தேடுங்கள். செறிவைக் கூட்டுவதற்காக எண்ணெயை உடைத்து எத்தில் எஸ்டராக மாற்றியிருப்பார்கள். இயற்கைக் கொழுப்பில் கொழுப்பு அமிலங்களைப் பிணைத்து வைத்திருப்பது கிளிசரால். அது கழன்று போய்விட்டதால் சுங்கத்தின் கண்ணில் இது கொழுப்பே அல்ல. வேதித் தயாரிப்புகளுக்கான 3824 பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அதையே மறுபடி கிளிசராலோடு சேர்த்து ட்ரைகிளிசரைடாக்கி அனுப்பினால் 1516க்குத் திரும்பி வரும். மூன்றும் ஒரே மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் அளவை உயர்த்தியிருந்தாலும் அது 1504தான். மருந்தாக அளவிட்டுக் கட்டி வந்துவிட்டால் 30ஆம் அத்தியாயம்.

தலைப்பு மாறினால் வரி வித்தியாசத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று இந்தியாவில் நினைக்க முடியாது. 1983இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. இன்றைய இறக்குமதிக் கொள்கையில் மாட்டுக் கொழுப்பு தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 3823 என்று எழுதிய சரக்கு ஆய்வகத்தில் 1502 என்று வந்தால், பேச்சு வரியைத் தாண்டிப் பறிமுதலுக்குப் போய்விடும். சுங்கச் சட்டம் 1962இன் 111ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 2011 முதல் வரியை நாமே மதிப்பிட்டுக் கட்டுகிறோம். அன்று சரக்கை விட்டுவிட்டார்கள் என்பதற்காகக் கணக்கு முடிந்துவிடாது. 28ஆம் பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை, வேண்டுமென்றே மறைத்தது என்றால் 5 ஆண்டுகள் வரை, குறைந்த வரியைக் கேட்டு நோட்டீஸ் வரலாம்.

சந்தேகம் தீராத பொருளுக்கு முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிக்கொள்ளும் வழி இருக்கிறது. டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான சுங்க ஆணையங்கள் இயங்குகின்றன. விண்ணப்பத்தோடு செய்முறைப் படத்தையும் இணைக்க வேண்டும். விற்பனைத் துண்டறிக்கையை இணைத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூர்ச் சரக்குக்குத் திருத்த மனு போட்டு, தலைப்பை மாற்றி எடுத்தோம். கிடங்கு வாடகை ஏறியதில் உரிமையாளருக்கு என் மேல் கோபம், நியாயமான கோபம். அடுத்த கப்பலுக்கு அவரே விற்பவரிடம் செய்முறைத் தாளை வாங்கி, எந்த நிலையில் கந்தகம் சேர்க்கிறார்கள் என்ற வரியைச் சிவப்பு மையில் கோடிட்டு அனுப்பியிருந்தார்.